நேராக வெட்டிய நிலாக் காசு

நவ. 9, ஞாயிறு

மழை இல்லை. வரும் என்கிற முகம் மட்டும். ஏரி முக்கால்வாசி.

இன்று செய்ய வேண்டியவை: வீட்டுக்காரி மும்தாஜின் முழங்காலுக்குத் தைலம். கடைக் கூரை ஓட்டைக்குத் தார் ஷீட். ரைஸ்மில் கூட்டத்துக்குப் போகாமலிருக்க ஒரு நல்ல காரணம்.

முதலிரண்டும் மறந்துவிட்டன. மூன்றாவது கிடைக்கவில்லை. போனேன்.

ரைஸ்மில் என்றால் தனபால். என் வகுப்புத் தோழன். பழைய மாணவர் சங்கத் தலைவன். மைக் என்று ஒன்று இல்லாவிட்டால் நல்ல மனிதன். நம் நாட்டு விண்கலம் நிலாவுக்குப் போனதைக் கொண்டாட ஊர் சார்பில் நினைவுக் காசு வெளியிடப் போகிறோமாம். பித்தளையில் ஐந்நூறு.

எங்கள் ஊருக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம்? திலகவதி. அவளும் எங்கள் வகுப்பு. பெங்களூரில் விண்கலங்களுக்குத் தங்கநிறப் போர்வை தைக்கிற பிரிவில் வேலை. இப்போது போனதிலும் அவள் தைத்தது இருக்கிறது. இதையே டீக்கடையில் கேட்டபோது:

"ராக்கெட்ட வுட்டதே நம்ம ஏரிக்கரை திலகவதிதாம்பா."

"இன்னாது, அவளே கொளுத்துனாளா?"

"பின்ன, நீயா கொளுத்துன?"

23ஆம் தேதி அவளை வரவழைத்துப் பாராட்டு. முதல் காசு அவள் கையில்.

'காசு' எனலாம், 'நாணயம்' என்று அச்சடிக்கக் கூடாதாம், இத்தனை ரூபாய் என்று மதிப்பும் போடக் கூடாதாம். அது சர்க்கார் வேலை என்று தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். "அப்ப மில்லு பேரு போட்டுக்கலாமா?" என்றான் தனபால். "நிலாவுல ஏற்கெனவே எக்கச்சக்கமா பள்ளம் கீதுப்பா" என்றேன். கூட்டமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. குறித்து வைத்துக்கொண்டிருப்பான்.

அப்புறம் வழக்கமான கூத்து. ஆயிரம் வருஷத்துக்கு முன் எவரோ குடவோலைத் தேர்தலைக் கோயில் சுவரில் வெட்டிவைத்தாலும் வைத்தார்கள், எங்களுக்கு நிம்மதி போயிற்று. பந்தியில் யார் சாம்பார் ஊற்றுவது என்றாலும் சீட்டு எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவோம். குடம் என் கடையுடையது. இரவல், வருஷக்கணக்கில். 'பிழை பார்ப்பவர்' என்று குலுக்கினார்கள். ஊரில் தமிழாசிரியர் ஏழு பேர். வந்த சீட்டு: பாத்திரக்கடை காதர், அதாவது நான்.

அச்சு வெட்டுவது முனுசாமி. இது என் யோசனை. பத்தொன்பது வருஷமாக என் கடையில் உட்கார்ந்து பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவன். இந்த ஊரில் எந்தக் கல்யாணச் சீர் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அவன் எழுத்துதான். மெட்ராஸ் எதற்கு, நம் ஆள் வெட்டட்டும் என்றேன். கை தட்டினார்கள்.

கை தட்டும்போது நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஐம்பது வயதாகியும் இது புரியவில்லை.


நவ. 11, செவ்வாய்

மின்சாரம் 10 - 12 இல்லை. இந்த நாட்டில் நேரம் தவறாமல் நடப்பது அது ஒன்றுதான்.

காஞ்சியில் டோக்கன் அடிக்கிற பட்டறையிலிருந்து அச்சுக்கான இரும்புத் துண்டு வந்தது. முனுசாமி அதைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தான். அரை மணி கழித்து:

"பாய், இது அடிச்சி எடுக்கிற அச்சாச்சே. நேரா வெட்றதா, திருப்பி வெட்றதா?"

"திருப்பின்னா?"

"தபால் ஆபீஸ் முத்திரை கீதே, அந்த மாதிரி."

கடையில் குக்கர் பார்க்க வந்த இரண்டு பேர். எனக்கு ஆள் கூடினால் நாக்கு துள்ளும். "முன்சாமி, நம்மூரு கல்வெட்டு ஆயிரம் வருசமா நேராத்தான் கீது. ராஜா காலத்துலியே எவனும் திருப்பி வெட்டல. நீ இன்னாத்துக்கு புதுசா? நேரா வெட்டு."

குக்கர்காரர்கள் சிரித்தார்கள் (குக்கர் வாங்கவில்லை). முனுசாமி சிரிக்க மாட்டான், அவன் சுபாவம். "சரிங்க பாய்" என்று உளியை எடுத்தான்.

இதே வரியை மாலைக்குள் டீக்கடை, சலூன், பள்ளிவாசல் வாசல், மூன்று இடத்தில் சொன்னேன். மூன்றிலும் எடுபட்டது.

தைலம் மறுபடி மறந்தேன். மும்தாஜ் பேசவில்லை. காலால் மட்டும் பேசினாள், தட்டை நகர்த்தி.


நவ. 13, வியாழன்

அச்சு தயார். அழகு. நடுவில் நிலா, அதற்குள் குடம், சுற்றிலும் 'நிலவு தொட்டோம் - உத்திரமேரூர் மக்கள் - 2008'. பின்பக்கம் மொட்டை. நிலாவின் பின்பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று விட்டாயிற்று.

பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். மூன்று தடவை. புள்ளி சரி. கொம்பு சரி. சின்னக் குழந்தைகூடத் தடுக்காமல் படிக்கும். காஞ்சிப் பட்டறைக்கான தாளில் 'பிழை பார்த்தேன், சரி. காதர்' என்று கையெழுத்து. கீழே தேவையில்லாமல் ஒரு கோடு வேறு, பெரிய மனுஷன் மாதிரி.

தார் ஷீட் வாங்கினேன். ஏறிப் போட ஆள் இல்லை.


நவ. 15, சனி

தூறல். வாசலில் தொங்கும் குண்டான்களில் விழுந்து ஒரே கச்சேரி.

நேற்று நம் கலத்திலிருந்து ஒரு கருவி நிலாவில் போய் விழுந்ததாம், மேலே தேசியக்கொடி தீட்டி. மோதி விழுவதற்கென்றே செய்ததாம். மும்தாஜுக்கு நம்பிக்கை இல்லை.

"மோதுனா உடையாதா?"

"உடையும். அதான் அதோட வேலை."

"இந்த வூட்லயும் ஒருத்தர் எத எடுத்தாலும் மோதி உடைக்கிறாரு. எவன் காசு வெளியிட்டான்?"

நான் ஹாஸ்யக்காரன் என்று ஊர் சொல்கிறது. நான் வெறும் ஏஜென்ட். சரக்கு இவளுடையது.


நவ. 18, செவ்வாய்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காஞ்சி பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குக் கீழே வைத்து மூட்டை வந்தது. ஐந்நூறு காசு, கூடவே அச்சு. ஒன்றை எடுத்தேன். பளபளப்பு. படித்தேன். வலமிருந்து இடமாக அரபி ஓதிப் பழகிய கண். அதனால் கால் நிமிஷம் எதுவும் உறைக்கவில்லை. அப்புறம் உறைத்தது. இது தமிழ்.

எல்லாம் திரும்பியிருக்கிறது. கொம்பு அந்தப் பக்கம். கால் இந்தப் பக்கம். குடம் மட்டும் குடமாக இருக்கிறது. வீட்டுக்கு ஓடி மும்தாஜிடம் காட்டினேன்.

"இது இன்னா பாஷை?"

"தமிழ்."

புது எவர்சில்வர் தட்டை எடுத்து நிமிர்த்தி, காசை அதன் எதிரே பிடித்தாள். தட்டுக்குள் தெளிவாகத் தெரிந்தது: நிலவு தொட்டோம். அவளுக்குச் சிரிப்பு. முழங்கால் வலியையும் மறந்து சிரிப்பு. பத்து நாளாகத் தைலத்துக்கு வழி இல்லை, இது வேலை செய்தது.

அச்சில் நேராக இருந்தால் காசில் திரும்பும். அவ்வளவுதான் விஷயம். இதை முனுசாமி கேட்டான். வாயைத் திறந்து கேட்டான். நான் கல்வெட்டைப் பற்றிப் பேசினேன்.


நவ. 19, புதன்

மழை. ஏரி தளும்புகிறது.

காலையில் காஞ்சிப் பட்டறைக்குப் போன். "அடிக்கும்போதே தெரியலியாய்யா?" என்றேன். "தெரிஞ்சிதுங்களே. அரக்கு சீல் வெக்கத்தான் திருப்பிக் கேக்கறீங்கன்னு நெனச்சேன். பிழை பார்த்தேன் சரின்னு கையெழுத்து வேற கீதே. கோடெல்லாம் போட்டு." கோட்டைக்கூடப் பார்த்திருக்கிறான்.

பத்து மணிக்குத் தனபால் கடைக்குள் வந்துவிட்டான், குடையோடு. ஒளிக்க நேரமில்லை. காசை எடுத்தான், பார்த்தான், திருப்பினான், தலையைச் சாய்த்தான். முகம் சிவந்தது.

"இன்னா பாய் இது? நீதானே பிழை பாத்த?"

என் நாக்கு, அந்தப் பேர் போன நாக்கு, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூலையில் உட்கார்ந்திருந்த முனுசாமி எழுந்தான்.

"பாய் பாத்தப்ப சரியாத்தாங்க இருந்திச்சி. அப்பறமா நாந்தான் கைய வெச்சேன். தப்பு என்னுது."

"சரியா இருந்தத எதுக்குய்யா நோண்டுன?"

"புத்தி கெட்டுப் போயி செஞ்சிட்டேங்க."

தனபால் என்னைப் பார்த்தான். "அப்பிடியா பாய்?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்பது போலவும் இல்லை என்பது போலவும். ஆமாம் பக்கம் கொஞ்சம் கூட.

"தை மாசம் எம் பொண்ணு கல்யாணம். சீர் பாத்திரம் மொத்தமும் காஞ்சிபொரத்துல குடுத்து வெட்டிக்கிறேன். இந்தாளு கை என் பாத்திரத்துமேல படக்கூடாது" என்று சொல்லி, குடையை விரிக்க மறந்து மழையில் இறங்கிப் போனான்.

முனுசாமி உட்கார்ந்து, பாதியில் விட்ட செம்பை எடுத்து மீதிப் பேரை வெட்டினான். உளிச் சத்தம் மட்டும். நான் கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.


நவ. 20, வியாழன்

முனுசாமி வரவில்லை. பத்தொன்பது வருஷத்தில் சொல்லாமல் நின்றது இல்லை. அச்சையும் காணோம்.

டீக்கடை: "முன்சாமிக்கு கண்ணு போயிடுச்சாம்பா." "கண்ணா? தண்ணின்னு சொன்னாங்க." அவன் வாழ்நாளில் குடித்ததில்லை. நான் அங்கேயே இருந்தேன், கையில் டீ கிளாஸோடு. மறுக்கவில்லை. டீ ஆறிவிட்டது, அதையும் குடித்தேன்.

மும்தாஜ்: "நாந்தான்னு சொல்லிட வேண்டிதுதானே? நாலு எழுத்து."

எண்ணிப் பார்த்தேன். சரியாக நாலுதான். அதைச் சொன்னதற்கு இன்று சோறு தாமதம்.


நவ. 21, வெள்ளி

ஜும்ஆ தொழுகையில் மனம் நிற்கவில்லை. முடிந்ததும் நேரே முனுசாமி வீடு. தெரு முழுக்கச் சேறு. ஒரு செருப்பு அதற்குள் போய்விட்டது, தோண்டி எடுத்தேன்.

அச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. காகிதத்தில் எழுத்துகளைத் திருப்பித் திருப்பி எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். ரெண்டு பக்கம் முழுக்க.

"எதுக்குய்யா பொய் சொன்ன?"

"வுடுங்க பாய்."

"எதுக்குன்னு கேக்கறேன்."

பென்சிலைக் கீழே வைத்தான். அப்புறம்: "நீங்க ஊர சிரிக்க வெக்கிற ஆளு. ஊரு உங்களப் பாத்து சிரிச்சா அது நல்லா இருக்காது. நான் மூலைல குந்திக்கினு கீறவன். என்ன யாரு பாக்கறாங்க?"

"பாத்திரம் காஞ்சிபொரம் போவுதேய்யா. ஒரு மாச வேலை."

"ஆமா" என்றான். அவ்வளவுதான். அவன் பெண்சாதி காபி கொடுத்தாள். சர்க்கரை போட்டு, மரியாதையாக. திட்டியிருக்கலாம்.

தனபாலிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். ரைஸ்மில் வாசல்வரை போனேன். உள்ளே பத்து பேர் இருந்தார்கள். திரும்பிவிட்டேன். பத்து பேர் இருந்தால் என் நாக்கு துள்ளும் என்று எழுதியவன் நான்தான், பத்து நாள் முன்பு, இதே நோட்டில்.


நவ. 22, சனி

நாளை விழா. அவசரக் கூட்டம். புதிதாக அடிக்க நேரம் இல்லை. வந்த யோசனைகள்:

காசோடு ஆளுக்கொரு கண்ணாடி.
மேடையில் பெரிய நிலைக்கண்ணாடி.
'நிலாவிலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும்' என்று அறிவிப்பது (இதைச் சொன்னவர் அறிவியல் ஆசிரியர்).
கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்து, வீட்டில் போய்ப் பிரிக்கச் சொல்வது.

குடம் வந்தது. குலுக்கியதில் கவர். ஐந்நூறு கவர் ஒட்டினோம். என் விரலெல்லாம் கோந்து. ஒட்டும்போது தனபால் முனுசாமியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். நான் கவரைப் பற்றியே பேசினேன்.


நவ. 23, ஞாயிறு

விழா முடிந்து வந்து எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் நடந்தது என்று நம்புவேன்.

மழை விட்டிருந்தது. பள்ளிக்கூட ஹால் நிரம்பி வழிந்தது. திலகவதி வந்தாள். நரைத்திருக்கிறாள், கண்ணாடி, கையில் குடை. நடை மட்டும் அதே நடை, பெஞ்சை இடித்துக்கொண்டு. கடைசி வரிசையில் தூண் ஓரம் முனுசாமி. துண்டில் எதையோ சுற்றி வைத்திருந்தான். காசைப் பற்றி யாராவது கேட்டால் முன்னால் வந்து நிற்கத் தனபால் வரச் சொல்லியிருக்கிறான்.

தனபால் முப்பது நிமிஷம் பேசினான். நிலா ஒன்றரை நிமிஷம்.

கவரைக் கொடுத்தான். "வூட்டுக்குப் போயி பிரிம்மா." எந்தக் காலத்தில் அவள் சொன்னதைக் கேட்டாள்? பிரித்தாள். பார்த்தாள். மேசைமேல் இருந்த எவர்சில்வர் தண்ணீர்ச் சொம்பின் பக்கத்தில் பிடித்தாள். சொம்பு என் கடைச் சரக்கு, நல்ல மெருகு. படித்தாள். தோள் குலுங்கியது. மைக்கை இழுத்தாள்.

"இத யாருப்பா பிழை பாத்தது?"

ஹாலில் எல்லோரும் வாசலில் வாங்கிய கவரைக் கிழித்தார்கள். சத்தம், ஐந்நூறு அப்பளம் உடைந்த மாதிரி. தனபால் கடைசி வரிசையைக் கை காட்டினான். "அதோ நிக்கிறாரு பாரும்மா, முன்சாமி. சரியா இருந்தத அவருதான்…" முனுசாமி தூணை விட்டு நகர்ந்து நடுவில் வந்து நின்றான். துண்டு இடுப்பில். எல்லாத் தலையும் திரும்பியது.

அந்தத் தலைகள் திரும்பியதைப் பார்க்க முடியவில்லை. எழுந்தேன்.

"நாந்தான்."

யாரும் காதில் வாங்கவில்லை. பெஞ்சுமேல் ஏறினேன். என் உடம்புக்கு அது சின்ன வேலை இல்லை.

"நாந்தான் பிழை பாத்தேன். திருப்பி வெட்டணுமான்னு அவன் கேட்டான். நேரா வெட்டுன்னு சொன்னது நானு. அவன் எதையும் நோண்டல. எனக்காகப் பொய் சொன்னான். நான் பேசாம இருந்தேன்."

கடைசியில் எல்லோரையும் சிரிக்க வைக்க ஒரு வரி தேடினேன். இல்லை. வரவில்லை. தேவையும் இல்லை, அவர்களாகவே சிரித்தார்கள். முப்பது வருஷமாக நான் ஊரிடம் சேர்த்து வைத்த சிரிப்பு முழுவதும் ஒரே தவணையில் வந்தது. குக்கர்காரர்களும் இருந்தார்கள்.

மைக்கில் திலகவதி: "டேய் காதர்! பத்தாங்கிளாஸ் மேப்புல இலங்கைய கொண்டாந்து கேரளா பக்கத்துல போட்டவன் நீதானே?"

என்னை 'டேய்' என்று கூப்பிட இன்னும் ஒரு ஆள் இருக்கிறது. கண் கலங்கிவிட்டது. கோந்து வாசனையால்கூட இருக்கலாம்.

அவள் முனுசாமியை மேடைக்குக் கூப்பிட்டாள். "எடப்பக்கம் வெட்ட வேண்டிய துணிய வலப்பக்கமா வெட்டி, ஒரு போர்வைய முழுசாப் பிரிச்சித் தெச்சவங்கதான் நாங்களும். அந்த அச்சு எங்கண்ணா?"

துண்டைப் பிரித்துக் கொடுத்தான். விரலால் தடவிப் படித்தாள், கண்ணாடியும் சொம்பும் இல்லாமல், நேராக.

"எனக்குக் காசு வாணாம். இத எடுத்துக்கறேன்."

"அய்யோ, அது போச்சின்னா மறுபடி எத வெச்சி அடிக்கிறது?" என்றான் தனபால்.

"மறுபடி வேற அடிக்கப் போறியா?" என்றாள். அவன் உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, இதுக்குப் பின்னாடி 'பிழை பார்த்தவர் காதர்'னு வெட்டிக் குடுங்க. நாளைக்கு மதியம்தான் எனக்கு பஸ்ஸு."


நவ. 24, திங்கள்

மறுபடி மழை மூட்டம். தைலம் வாங்கிவிட்டேன். மும்தாஜ் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டாள்.

காலை முதல் கடையில் கூட்டம். ஒருவரும் எதுவும் வாங்கவில்லை. காசைக் கொண்டுவந்து என் புதுத் தட்டுகளில் காட்டிப் படித்துவிட்டுப் போகிறார்கள். எல்லாத் தட்டிலும் கைரேகை.

பதினோரு மணிக்குத் தனபால். பின்னால் ஒரு மாட்டு வண்டி நிறையப் பாத்திரம். என்னைப் பார்க்காமல் முனுசாமியிடம் பேசினான்: "காஞ்சிபொரம்லாம் போவல. நீயே வெட்டு. மாப்ளை பேரு பெருசா வாணாம்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ மட்டும் பக்கத்துல நிக்காத பாய்."

நிலாப் பள்ளத்துக்காக அவன் குறித்து வைத்திருந்தது கழிந்தது.

அச்சை முனுசாமி பிடிமேடையில் இறுக்கினான். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம். திலகவதி ஸ்டூலில் உட்கார்ந்து என் வீட்டு முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாள். மின்சாரம் வழக்கம்போல இல்லை. அவனுக்கு அது ஒரு பொருட்டில்லை, வெளிச்சத்துக்கு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். உளியை வைத்தான். தட்டவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"பாய், உங்க பேர நேரா வெட்றதா, திருப்பி வெட்றதா?"

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திலகவதிக்கு முறுக்கு புரையேறியது. பத்தொன்பது வருஷத்தில் அவன் சொன்ன முதல் ஜோக். என்னுடையது எதுவும் அவ்வளவு நேரம் எடுபட்டதில்லை.

"நீயே பாத்துக்கய்யா" என்றேன்.